ஒன்பதாவது வேளை

எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டும் காலம் வந்தால் பள்ளிக்கூடத்தை மூன்று வாரம் மூடிவிடுவார்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். உங்களுக்கும் இருக்கலாம், மேஜர். வழியெல்லாம் வயல்கள்தான், இப்போது பனி மூடிக் கிடப்பதால் ஒன்றும் தெரிந்திருக்காது. செப்டம்பர் கடைசியில் வந்திருந்தால் பத்து வயதுப் பிள்ளையிலிருந்து பாதிரியார் வரை எல்லோர் நகத்திலும் மண்ணைப் பார்த்திருப்பீர்கள். நிலம் உறைவதற்குள் கிழங்கு வெளியே வந்தாக வேண்டும். அதற்கு முன்னால் கல்யாணமும் பெரிதில்லை, ராணுவமும் பெரிதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் என் சமையலறை மேசைமேல் வைத்திருக்கும் அந்த இரண்டு மஞ்சள் சீட்டுகளும் அந்த மூன்று வாரத்தில் பிறந்தவை. உண்மையான சீட்டுகள்தான். கையெழுத்து கேப்டன் விட்கோமுடையது. கீழ் மூலையில் வந்து சேர்ந்த தேதியைக் குறித்திருப்பது நான்.

பயிற்சிக் கூடத்தைக் காலி செய்தபோது அலமாரியின் அடி இழுப்பறைக்குப் பின்னால் சிக்கியிருந்தன என்றீர்கள். அவை சிக்கவில்லை. நான்தான் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்கள் இருந்தேன். கையெழுத்துள்ள ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. கிழித்தால்தான் குற்றம், ஒளித்து வைப்பது வெறும் தாமதம் என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்துக்கொண்டது.

சீட்டு வந்து சேர்ந்திருந்தும் ஏன் கணக்கில் ஏறவில்லை என்பது உங்கள் கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அலுவலகத்தில் நடந்த கைத்தவறு போல ஆகிவிடும். இத்தனை வருடமும் நான் அதை அப்படித்தான் வைத்திருந்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நான் அதிகம் பேசிப் பழகியவள் அல்ல. நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ரிசர்வ் படையின் போக்குவரத்துக் கம்பெனி. நூற்றுப் பத்துப் பேர், நாற்பது லாரிகள். மற்றவர்கள் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை போடுவார்கள், கோடையில் இரண்டு வாரம். நான் மட்டும் தினமும். சம்பளத் தாள், மருத்துவத் தாள், எல்லாவற்றுக்கும் மேலாகப் படிப்பு உதவித் தாள். நாட்டுக்காகச் சேர்ந்தேன் என்று சொன்னவர்களை நான் நம்பாமல் இல்லை. ஆனால் அவர்களும் முதல் மாதமே என் கதவைத் தட்டி, “சார்ஜென்ட், காலேஜ் காசு எப்ப வரும்?” என்று கேட்டவர்கள்தான். அதில் தப்பு எதுவும் இல்லை. மரம் அறுக்கும் ஆலை மூடிப்போன ஊர். ஆறு வருடம் ராணுவத்துக்குக் கொடு, படித்துக்கொள் என்பதைவிட நல்ல பேரத்தை இங்கே யாரும் கொண்டுவரவில்லை.

அந்த உதவி தொடர ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சிக்கு ஒழுங்காக வர வேண்டும். ஒரு சனி ஞாயிறு என்பது கணக்கில் இரண்டு நாள் அல்ல, நான்கு வேளை. சனி காலை ஒன்று, மதியம் ஒன்று, ஞாயிறும் அப்படியே. ஒரு வருடத்தில் அனுமதியில்லாமல் ஒன்பது வேளை தவறினால் பெயர் கெட்டுவிடும், படிப்பு உதவி நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். இரண்டு மாதம் வராவிட்டால் நாலு நாள்தானே என்று நினைப்பார்கள். எட்டு வேளை போயிருக்கும்.

செப்டம்பர், அக்டோபர் பயிற்சி இரண்டும் கிழங்குக் காலத்தில்தான் விழும். அதற்காக எனக்கு முன்னிருந்தவர்கள் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். தோண்டப் போகிறவர்கள் மஞ்சள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கேப்டன் கையெழுத்துப் போடுவார். நவம்பரில் வேலை முடிந்த மாலைகளில் வந்து, லாரிச் சக்கரங்களுக்குப் பனிச் சங்கிலி மாட்டி, எண்ணெய் மாற்றி, மாலைக்கு ஒரு வேளையாக ஈடு செய்வார்கள். ஜனவரி கடைசியில் எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, தவறிய வேளைகளை நான் கணினியில் திருத்துவேன். ஈடு செய்வது விதியில் உண்டு. கிழங்கு விதியில் கிடையாது, அது எங்களுடையது.

நொயெல் டேஜார்டினுக்கு அந்த வருடம் இருபத்தாறு வயது. லாரி ஓட்டுநர். லூக்கின் மனைவி. ஈவ் என்று மூன்று வயதில் ஒரு பெண். ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த கல்லூரியில் நர்ஸ் படிப்பு, ஒரே ஒரு பருவம் பாக்கி. படிப்பு உதவி இல்லாமல் அந்தப் பருவம் அவளுக்கு இல்லை. லூக் தன் அப்பாவின் நிலத்தில் கூலி இல்லாமல் உழைப்பவன். அது ஊருக்கே தெரியும்.

செப்டம்பரில் அவள் சீட்டு கொண்டுவந்தபோது என் மகன் ரெமியும் அறையில் இருந்தான். அவனும் அதே கம்பெனியில் ஓட்டுநர்; பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. என் கணவர் ஆலையில் இறந்தபின் எனக்கு அவன், அவனுக்கு நான்.

“மறுபடியும் கிழங்குச் சீட்டு, சார்ஜென்ட்,” என்றாள் நொயெல். “எங்க மாமனார் கடவுளுக்கே ஞாயித்துக்கிழமை லீவு குடுக்கமாட்டாரு. அவரைப் பாத்தா ராணுவம் எவ்வளவோ தேவலை.”

“நவம்பர்ல விரல் விறைக்கச் சங்கிலி மாட்டுவேல்ல, அப்ப சொல்லு.”

“மாட்டுறேன். நான் மாட்டினா நிக்கும். சில பேரு கோடைப் பயிற்சியில மாட்டிப் பாத்தது கேட்டைத் தாண்டுறதுக்குள்ள கழண்டு விழுந்துச்சாம்.”

“நான் இங்கதான் நிக்கிறேன். எனக்குக் காது கேக்குது,” என்றான் ரெமி.

“கேக்கணும்னுதானே சொல்றேன், தம்பி.”

நவம்பரில் எட்டு மாலை வந்தாள். எட்டு மாலையும் கதவைத் திறந்துவிட்டவள் நான். டிசம்பர் பயிற்சியில், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கார் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஏழு மணிக்கு வர வேண்டியவள் ஒன்பதரைக்கு, முழங்கால் வரை பனியோடு வந்தாள். கேப்டன் விட்கோம் தெற்கத்திக்காரர்; எங்களோடு இரண்டு வருடம் இருந்ததில் கேலி பேசக் கற்றிருந்தார். “பள்ளத்துல இறங்கி என்ன தேடினே? இன்னும் ரெண்டு கிழங்கு பாக்கியா?” என்று சொல்லித் தன் காபியை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜனவரி பயிற்சியில் கேப்டன் எங்களை வரிசையில் நிறுத்தி ஒரு கடிதத்தைப் படித்தார். ஈராக் போகும் வேறொரு கம்பெனிக்கு ஓட்டுநர்கள் போதவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர் தர வேண்டும். முதலில் தாமாக முன்வருகிறவர்கள். அடுத்த பயிற்சிக்குள் பன்னிரண்டு சேராவிட்டால், மீதி இடங்களுக்குப் பணி மூப்பில் கடைசியிலிருந்து ஆள் எடுப்பார்கள். கடைசிப் பெயர் என் மகனுடையது.

விருப்பத் தாள்கள் என்னிடம்தான் வந்தன. பத்து நாளில் பதினொன்று என்று கேப்டனிடம் சொன்னேன். ஒன்று குறைகிறது. இன்னும் ஓர் ஆள் முன்வந்தால் ரெமியின் பெயர் பட்டியலுக்கு வராது.

அன்று மதியம் ஓட்டுநர்களின் கோப்புகளை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினேன். உதவி செய்யப் போகிறவளைப் போலத்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன். யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு எத்தனை பருவம் பாக்கி, யார் எத்தனை வேளை தவறியிருக்கிறார்கள். இழப்பதற்கு எவரிடம் நிறைய இருக்கிறதோ அவர்தான் சீக்கிரம் சம்மதிப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் அவர்களுடைய பயங்களைக் கேட்டுத்தான் என் காலம் போயிருந்தது. கிழங்குச் சீட்டுக் கட்டிலிருந்து நொயெலின் இரண்டு சீட்டுகளை மட்டும் உருவினேன். மற்றப் பதின்மூன்று பேரின் சீட்டுகளையும் அந்த வாரமே கணக்கில் ஏற்றினேன். அவசரம் இல்லாமல், பிழை இல்லாமல்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வந்தாள். கடைசிப் பருவத்துக்கான தகுதிச் சான்றில் கையெழுத்து வேண்டும். கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கணக்குல ஒன்பது வேளை காட்டுது, நொயெல்,” என்றேன்.

“யாரோட கணக்குல?”

“உன்னோடதுல.”

சிரித்தாள். “கிழங்குச் சீட்டு ரெண்டும் குடுத்தேனே. எட்டு சாயங்காலம் வந்தேனே. நீங்கதானே சார்ஜென்ட் கதவைத் தொறந்துவிட்டீங்க.”

“வந்தே. இல்லேன்னு சொல்லலை. மேலிடத்துல இந்த வருஷம் கிழங்குச் சீட்டை ஒத்துக்கலை.”

“எல்லாரோடதையுமா?”

இதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அதைத் தயாரித்ததுதான் எனக்கு இன்றும் வெட்கம், மற்றவற்றைவிட இதுதான். “இதுவரைக்கும் உன்னோடது மட்டும்தான் அவங்க கண்ணுல பட்டிருக்கு. நீ போய் கேப்டன்கிட்டயோ வேற யார்கிட்டயோ கேட்டேன்னு வை, மத்தவங்க சீட்டையும் எடுத்துத் தோண்டுவாங்க. இன்னும் பதிமூணு பேரு காலேஜ்ல இருக்காங்க. அவங்க படிப்பும் போகும்.”

அவள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் யாரையும் மாட்டிவிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கோப்பில் இல்லாத விஷயம் அது. கூடவே இருந்து தெரிந்துகொண்டது.

“கிழங்கு எட்டு. ஒன்பதாவது எது?”

“டிசம்பர் ஞாயித்துக்கிழமை காலை.”

“கேப்டனே காபி குடுத்தாரே, சார்ஜென்ட்.”

“காபி குடுத்தாரு. கையெழுத்தா போட்டாரு?”

நான் மௌனத்துக்குப் பழகியவள். அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். அவளால் முடியவில்லை.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“பன்னண்டுல ஒரு இடம் காலியா இருக்கு. போறவங்களோட பழைய வேளையை எல்லாம் கேப்டன் தள்ளுபடி பண்ணிடுவாரு. ஒரு வருஷம். திரும்பி வந்தா காலேஜ் காசும் இப்ப வாங்குறதைவிடக் கூடுதலா கிடைக்கும்.”

“ஈவுக்கு மூணு வயசு.”

“தெரியும்.”

“போகலேன்னா?”

“படிப்பு இத்தோட நிக்கும். வாங்கினதுல கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க, சார்ஜென்ட்?”

“போவேன்,” என்றேன்.

விருப்பத் தாளில் கையெழுத்துப் போட்டாள். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். கதவருகே திரும்பி, “நீங்க இல்லேன்னா எனக்கு இதையெல்லாம் யாரு எடுத்துச் சொல்லுவா,” என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

நான் சொன்னவற்றில் எது பொய் என்று நீங்கள் கேட்பீர்கள். ஈராக்குக்குப் போய்வந்தால் உதவி கூடும் என்பது மெய். வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம் என்பதும் மெய். தவறிய வேளையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு என்பதும் மெய். ஆனால் அதற்காக யாரும் எங்கும் போக வேண்டியதில்லை, அவர் அறைவரை போனால் போதும். மேலிடம் எதையும் பார்க்கவில்லை. மேலிடத்துக்கு எங்கள் கிழங்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது கணக்கில் ஒன்பது இல்லை, எட்டுதான். டிசம்பர் ஞாயிறு காலையை அவள் போன பிறகுதான் ஏற்றினேன். ஏற்றியதும் திரையில் ஒன்பது என்று வந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வந்ததை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். தேநீர் போட்டுக் குடித்தேன்.

பிப்ரவரியில் பன்னிரண்டு பேரும் பேருந்தில் கிளம்பினார்கள். ஊரே வந்து வழியனுப்பியது. ஈவ் அவள் அம்மாவின் சீருடைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லூக் விரல் விரலாகப் பிரித்தான். ரெமி ஓரமாக நின்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச்சில் ஒரு பகலில் தொலைபேசி அடித்தது. தெற்கே பயிற்சி முகாமிலிருந்து நொயெல்.

“ஒரு சின்ன விஷயம், சார்ஜென்ட். இங்க ஃபூர்னியே இருக்கான்ல, அவனோட கிழங்குச் சீட்டு ஏறிடுச்சாம். நான் எதுவும் கேக்கலை, அவனா சொன்னான். என்னோடதை இன்னொரு தடவை பாக்க முடியுமா? ஏறியிருந்துச்சுன்னா...” பின்னால் யாரோ கத்திச் சிரித்தார்கள். “ஏறியிருந்துச்சுன்னா நான் இங்க இருக்க வேண்டியதில்லையே. அதுக்குத்தான்.”

அவர்கள் விமானம் ஏற இன்னும் ஆறு நாள் இருந்தது. கேப்டன் பக்கத்து அறையில் இருந்தார். அன்று ஏதோ வேலையாக வந்திருந்தார், கதவு திறந்திருந்தது. சீட்டுகள் இருந்த அலமாரி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. எழுந்துகூட நிற்க வேண்டியதில்லை. குனிந்தால் போதும்.

நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். என் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களை விரும்பி இருந்திருக்கிறேன். மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொல் கேட்காமல் கழித்த மாலைகள். அந்த மௌனத்துக்குப் பிறகு எந்த மௌனமும் எனக்கு ருசிக்கவில்லை.

“பாத்துட்டுக் கூப்பிடறேன்,” என்றேன்.

“சரி, சார்ஜென்ட். அவசரமில்லை.”

நான் கூப்பிடவில்லை. அவளும் மறுபடி கூப்பிடவில்லை. என் பேச்சின்மையே பதில் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ. அல்லது அன்றைக்கே எல்லாம் புரிந்துவிட்டதோ. இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாமலே போகும். தண்டனை என்று ஒன்று இதுவரை எனக்குக் கிடைத்திருந்தால் அது இதுதான்.

ஆகஸ்டு பதினொன்றாம் தேதி, வரிசையில் மூன்றாவதாக அவள் ஓட்டிப்போன லாரியின் கீழே சாலை வெடித்தது.

அடக்கத்துக்குப் பிறகு மாதாகோவில் கூடத்தில் கோழிக் குழம்பும், எங்கள் ஊர் கோதுமை அடையும் பரிமாறினோம். தட்டுகளை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லூக் வந்து என் எதிரே நின்றான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

“அவ உங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பா,” என்றான். “சார்ஜென்ட் சொன்னா சரியா இருக்கும்னு. ஈவோட பேப்பரெல்லாம் நீங்களே பாத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் புரியாது.”

பார்த்துக்கொண்டேன். போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு என்று தனியாகப் படிப்பு உதவி உண்டு. அது அம்மாவுடையதைவிடப் பெரியது. அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘இறந்தவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் உள்ள உறவு’ என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதினேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு வருடமும் எந்தத் தாள் எப்போது போக வேண்டும் என்று லூக்குக்கு நினைவூட்டினேன். போன வசந்தத்தில் ஈவ் இதே மேசைக்கு வந்தாள். பதினெட்டு வயது. கல்லூரிக்கான கடைசிப் படிவம். “அம்மா எடுத்த அதே படிப்புதான் எடுக்கப் போறேன்,” என்றாள். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் கார் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நொயெல் உயிரோடு திரும்பியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கிடைத்திருக்காது என்று ஓர் எண்ணம் வந்தது. தானாக வந்தது. ஒரு நிமிடம் அதை வெளியே தள்ளாமல் வைத்திருந்தேன். அதன் பிறகு நான் கோவிலுக்குப் போவதில்லை. கூட்டுறவுக் கடையில் லூக்கின் வண்டி நின்றால், அது போகும்வரை என் காரைவிட்டு இறங்குவதில்லை.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். தன் மகனைக் காப்பாற்ற இன்னொருத்தியின் மகளை அனுப்பிய தாய் என்று எழுதி முடித்திருப்பீர்கள். கொடுமைதான், ஆனால் புரிந்துகொள்ளக்கூடிய கொடுமை என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றும், பெரும்பாலான நாட்களில். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த அலமாரியில் நீங்கள் எடுத்தது இரண்டு தாள். மூன்றாவது ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதோ.

தேதியைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை. நொயெல் வந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால். ரெமி என் அறைக்கு வந்து மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றான். வீட்டில் என்னை அம்மா என்பவன், அங்கே அதுவரை ஒருநாளும் முறை தவறியதில்லை.

“என் பேரையும் எழுதிக்குங்க, சார்ஜென்ட்,” என்றான். “எல்லாரும் போறாங்க. நான் மட்டும் இங்க உக்காந்து சங்கிலி மாட்டிட்டு இருக்க முடியாது.”

“யோசிச்சியா?”

“யோசிச்சுட்டேன். கடைசிப் பேரா இருக்கேன்னு யாரும் என்னை இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம். நானே போறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மா, தடுக்காதே,” என்றான்.

நான் தடுக்கவில்லை. தாளை வாங்கினேன். மூலையில் தேதி போட்டேன். அவன் குதிகாலில் திரும்பி வெளியே போனான். அவனோடு சேர்த்தால் பன்னிரண்டு. காலி இடம் என்று ஒன்று இல்லவே இல்லை, மேஜர். நொயெல் என் அறைக்குள் வந்தபோது பட்டியல் நிறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தானாக முன்வந்தவனை மாற்றி இன்னொருவரை அனுப்ப முடியாது. அதனால் அவன் தாளை எடுத்து இழுப்பறையில் போட்டேன். அவன் இருந்த இடத்தைக் காலி என்று அவளுக்குக் காட்டினேன்.

ரெமியிடம், அனுபவம் உள்ளவர்கள் போதும் என்று கேப்டன் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவன் காது மடல்கள் சிவந்தன. சரி என்றான். கல்லூரியில் ஒரு பருவம் இருந்தான். அவனுக்குரிய படிப்பு உதவியில் மீதி அத்தனையும் அப்படியே கிடந்து காலாவதியானது. இப்போது சிப்ஸ் ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டுகிறான். தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு ஒரு பிள்ளைக்காரியை அனுப்பினார்கள் என்று பதினாறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு மே மாதமும் நொயெலின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டுகிறான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டுகள், ஒன்பதாவது வேளை, தொலைபேசி, எல்லாம். லூக்கின் முன்னாலும் ஈவின் முன்னாலும் நின்று நானே சொல்கிறேன். அதற்கு மேல் அவர்கள் என்ன செய்தாலும் சரி. இந்த மூன்றாவது தாளை மட்டும் கோப்பில் சேர்க்க வேண்டாம். இதை அவன் பார்க்கக் கூடாது. பார்த்தால் உடைந்துபோவான்; அவன் எதையும் தாங்கும் பிள்ளை இல்லை. அவன் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். அவனுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும், மேஜர்.